எங்கள் பெயரில் பேசுபவர் யார்?



நாட்டின் உணவுக் கொள்கை பற்றிப் பேசக் கூட்டம் கூட்டுகிறார்கள். மாவட்டத்தில் கூட்டுகிறார்கள், மாகாணத்தில் கூட்டுகிறார்கள், கொழும்பு ஹோட்டல் மண்டபங்களிலும் கூட்டுகிறார்கள். மேடைக்குப் பின்னால் "நிலைபேறான உணவு முறைமை" என்று பதாகை தொங்குகிறது. அதிகாரிகள் வருகிறார்கள், நிபுணர்கள் வருகிறார்கள், உரம் விற்பவர் வருகிறார், இறக்குமதி செய்பவர் வருகிறார். வெங்காயம் நட்டவர் வருவதில்லை. தேங்காய் பறித்தவர் வருவதில்லை. கொழுந்து எடுத்தவரும் வருவதில்லை. இவர்கள் எல்லோருக்கும் சேர்த்து யாரோ ஒருவரைக் கூட்டி வந்து ஒரு மூலையில் உட்கார வைத்து, "விவசாயிகளின் பிரதிநிதியும் சமுகமளித்தார்" என்று அறிக்கையில் எழுதிக்கொள்கிறார்கள்.

அவரை அனுப்பியது யார்? எந்தக் கூட்டத்தில், எத்தனை பேர் கை தூக்கி அனுப்பினார்கள்? திரும்பி வந்து யாரிடம் கணக்குச் சொன்னார்? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் இல்லையென்றால் அவர் பிரதிநிதி அல்ல, விருந்தாளி. இதை உரத்துச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எத்தாளையில் கேட்டது

புத்தளம் மாவட்டத் தென்னந்தோட்டங்களில் நம் தொழிலாளர் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போன நாம், கற்பிட்டிக் குடாநாட்டில் எத்தாளைக்கும் போனோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவே மணல். அந்த மணலில் சின்ன வெங்காயம், மிளகாய், பீற்றூட், பூசணி என்று விளைகிறது. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்களும், அதுகூட இல்லாமல் குத்தகைக்கு எடுத்தவர்களும்தான் பெரும்பாலும் அங்கே பயிர் செய்கிறார்கள்.

கிணற்றடியில் கூடிப் பேசினோம். கூட்டுறவுச் சங்கத்தில் நெடுங்காலம் இருந்த ஒரு நானா சொன்னார்: "எங்கட பேரைச் சொல்லி யாரோ ஒராள் பேசிட்டு வாரார். அவர் யாரெண்டு எங்களுக்குத் தெரியா. அவருக்கும் எங்களைத் தெரியா." நம்மோடு வந்திருந்த மலையகத் தோழி ஒருவர் உடனே சொன்னார்: "எங்க கதையும் அதேதாங்க நானா."

அதே நானா ஒரு முறை அழைப்புக் கிடைத்துக் கூட்டமொன்றுக்குப் போயிருக்கிறார். எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை. ஒரு நாள் தோட்ட வேலையை விட்டு, சொந்தக் காசில் பஸ் ஏறிப் போனார். கடைசி வரிசையில் இடம். கையில் கொடுத்த தாள்கள் அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில். பேச்சு முடியும் வேளையில், "கேள்வி ஏதும் உண்டா?" என்று கேட்டுவிட்டுத் தேநீருக்கு எழுந்துவிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் அவருடைய கையெழுத்து மட்டும் பத்திரமாக இருக்கிறது. அந்தக் கையெழுத்தை வைத்துத்தான் "விவசாயிகளுடன் கலந்தாலோசிக்கப்பட்டது" என்று எழுதுவார்கள்.

அந்த மனிதரிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? அதைத்தான் நாம் கிணற்றடியில் கேட்டோம்.

மணலுக்கடியில் மழைநீர் ஒரு மெல்லிய படுக்கையாகத் தேங்கியிருக்கிறது. அதற்குக் கீழே உப்புநீர். அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலே ஏறும். மணல் எதையும் பிடித்து வைக்காது. போட்ட உரம் நீரோடு இறங்கிக் கிணற்றுக்கே திரும்பி வரும். கற்பிட்டிக் கிணற்று நீரில் நைத்திரேற்று அதிகம் என்று 1980களிலிருந்தே ஆய்வுகள் சொல்லி வருகின்றன. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பது கொழும்பு நிபுணரின் பிள்ளை அல்ல, வெங்காயம் நட்டவரின் பிள்ளை. ஆகவே "விவசாயிக்குச் சுற்றாடல் பற்றி அக்கறை இல்லை" என்று எவரும் நமக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

உரத்தைக் குறைக்க அவர்களுக்கும் விருப்பம்தான். ஆனால் குறைக்கும் ஆண்டில் விளைச்சல் விழுந்தால் கடனை யார் கட்டுவது? மாட்டெருவும் கூட்டெருவும் எங்கிருந்து, என்ன விலைக்கு வரும்? அறுவடை வாரத்தில் இறக்குமதி வெங்காயம் வந்து இறங்கினால் எந்தப் பயிர் முறை நிலைக்கும்? 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டத்தின்படி, ஒரு வர்த்தமானி அறிவித்தலால் இறக்குமதி வரியைக் கூட்டலாம், குறைக்கலாம். இரவோடு இரவாக அது மாறலாம். வெங்காயத்துக்கோ விளைந்து வர மாதங்கள் வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார்கள். குளத்து நீரில் நெல் விதைக்கும் ஊர்களில் போகம் தொடங்குமுன் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் நடக்கும். மதகை எப்போது திறப்பது, எத்தனை ஏக்கர் விதைப்பது என்று விவசாயிகளும் அதிகாரிகளும் அங்கே கூடி முடிவெடுப்பார்கள். அந்த முறை குளத்துப் பாசனத்துக்காக வகுத்தது. கிணற்றடி விவசாயி அதற்குள் வரவில்லை. குளத்து நீரைப் போலவே மணலடி நீரும் எல்லோருக்கும் பொதுவானதுதான். ஒருவர் அதிகம் இறைத்தால் அடுத்தவர் கிணறு உவர்க்கும். ஆனால் அவர்கள் சட்டப்படி கூடிப் பேச ஓர் இடமில்லை. நிலைபேறான உணவுக் கொள்கை உண்மையிலேயே வேண்டுமென்றால் தொடங்க வேண்டிய இடம் இந்தக் கிணற்றடி.

கேட்காமல் எடுத்த முடிவின் விலை

கேட்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2021 மே 6ஆம் திகதி ஒரு வர்த்தமானி வந்தது. இரசாயன உரமும் கிருமிநாசினியும் இறக்குமதி செய்யத் தடை. அந்த ஆண்டு செப்டம்பரில் நியூயோர்க்கில் நடந்த ஐ.நா. உணவு முறைமைகள் உச்சிமாநாட்டில் நம் நாட்டு ஜனாதிபதி நிலைபேறான விவசாயம் பற்றி உரையாற்றினார். இங்கே அதே நேரத்தில் விவசாயி உரத்துக்காக வீதியில் நின்றார். நவம்பரில் தடையை நீக்கினார்கள். அதற்குள் காலபோகம் தொடங்கிவிட்டது. உரத்தின் விலையோ பழைய விலைக்குப் பல மடங்காக ஏறிவிட்டது.

இயற்கை உரம் கெட்டது என்று நாம் சொல்லவில்லை. எந்த மண்ணுக்கு, எத்தனை ஆண்டில், யார் செலவில் என்று மண்ணில் நிற்பவரிடம் கேட்காமல், நல்ல வார்த்தை ஒன்றை எடுத்துப் பசியாக மாற்றினார்கள் என்கிறோம். 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாகச் சரிந்தது. மலையில் நின்ற நம் பெண்களுக்கு இது புள்ளிவிபரமல்ல. உரம் காணாத செடியில் கொழுந்து இல்லை. கிலோ சேரவில்லை. அரைப்பெயர்தான் விழுந்தது.

2022 ஜனவரியில் அரசாங்கம் 4000 கோடி ரூபா நட்டஈடு அறிவித்தது. அது நெல் விவசாயிகளுக்கு. அவர்களுக்குக் கிடைக்க வேண்டியதுதான், அதில் நமக்குப் பொறாமை இல்லை. ஆனால் மணலில் வெங்காயம் நட்டுத் தோற்றவருக்கு? அரைப்பெயரோடு லயத்துக்குத் திரும்பியவருக்கு? மேசையில் இல்லாதவருக்கு நட்டஈட்டுப் பட்டியலிலும் இடமில்லை. அதே 2022இல் நாட்டில் 63 இலட்சம் பேருக்கு உணவு உறுதியாக இல்லை என்று ஐ.நா.வின் உணவு நிறுவனங்கள் கணக்கிட்டன. தோட்டப்புறக் குடும்பங்களின் நிலை நகரத்தையும் கிராமத்தையும் விட மோசமாக இருந்தது.

ஆசனம் பறிபோன கதை

"விவசாயிக்கு எப்போது ஆசனம் இருந்தது?" என்று சிலர் கேட்கிறார்கள். இருந்தது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம், பிலிப் குணவர்தன விவசாய அமைச்சராக இருந்தபோது வந்தது. அதன் கீழ் பயிர்ச்செய்கைக் குழுக்கள் அமைந்தன. அவற்றில் விவசாயிகள் தெரிவு செய்த உறுப்பினர்கள் இருந்தார்கள். குத்தகை விவசாயிக்கும் அங்கே குரல் இருந்தது. காணிச் சொந்தக்காரர்கள் அதை எவ்வளவு எதிர்த்தார்கள் என்பதே அதன் பலத்துக்குச் சாட்சி. 1972ஆம் ஆண்டின் விவசாய உற்பத்தித்திறன் சட்டத்தோடு அமைச்சர் நியமிக்கும் குழுக்கள் வந்தன. தெரிவு போனது, நியமனம் வந்தது. அன்று தொடங்கிய வழக்கம் ஆட்சிகள் மாறியும் மாறவில்லை. ஆளுங்கட்சிக்கு வேண்டியவர் "விவசாயிகளின் தலைவர்" ஆகிறார், ஆட்சி மாறினால் தலைவரும் மாறுகிறார்.

2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்காரர் அமைப்புகளைப் பதிவு செய்ய வழி செய்தது. 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் இன்றும் இருக்கிறது. ஆகவே ஊர் மட்டத்தில் அமைப்பு இல்லாமலில்லை. ஆனால் உர இறக்குமதி, வரி, விலை, நீர், காணி ஆகிய ஐந்தும் முடிவாகும் இடத்துக்கு அந்த அமைப்பின் குரல் ஏறிப் போகப் படிக்கட்டு இல்லை.

மாகாணத்தைப் பாருங்கள். 13ஆவது திருத்தத்தின்படி விவசாயமும் கூட்டுறவும் மாகாண சபைக்குப் பகிர்ந்த விடயங்கள். எத்தாளை இருக்கும் வடமேல் மாகாணத்துக்கும், நம் தோட்டங்கள் நிறைந்த மத்திய மாகாணத்துக்கும் 2013 செப்டம்பரில் ஒரே நாளில் தேர்தல் நடந்தது. 2018இல் இரண்டு சபைகளின் காலமும் முடிந்தது. அதன் பின் தேர்தலே இல்லை. ஆளுநரும் அதிகாரிகளும் நடத்துகிறார்கள். பிராந்திய உணவுக் கொள்கை என்கிறார்கள். அந்தப் பிராந்தியத்தில் மக்கள் தெரிவு செய்த சபையே இல்லாதபோது, கூட்டுறவின் தெரிவான பிரதிநிதியையும் வெளியே நிறுத்தினால் மிஞ்சுவது உத்தரவு மட்டும்தான்.

"தொழிற்சங்கத்துக்கு இதில் என்ன வேலை?"

இந்தக் கேள்வியை நம் கிளைகளிலேயே கேட்கிறார்கள். வெங்காயக்காரர் கூலி கொடுப்பவர், நாம் கூலி வாங்குபவர், அவருக்காக நாம் ஏன் பேச வேண்டும் என்கிறார்கள். நேர்மையாகப் பதில் சொல்வோம்.

முதலாவது, நாம் வாங்கி உண்பவர்கள். மரக்கறி விலை ஏறினால் முதலில் காலியாவது நம் கறிச்சட்டி. ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தாண்டியபோது லயத்துச் சமையலில் சம்பல் நின்றது. அந்தத் தேங்காயைப் பறித்தவர், உரித்தவர் கூலியோ விலையோடு சேர்ந்து ஏறவில்லை.

இரண்டாவது, நம்மையும் "சிறு உற்பத்தியாளர்" ஆக்கும் வேலை நடக்கிறது. தேயிலை நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, "நீயே பராமரி, கொழுந்தை எங்களுக்கே கொடு" என்னும் அவுட்குரோவர் முறை தோட்டங்களில் பரவுகிறது. காணி உறுதி கிடையாது, கொழுந்து விலையை முடிவு செய்யும் உரிமை கிடையாது. ஊழியர் சேமலாப நிதிக்கு என்ன உத்தரவாதம் என்றால் பதில் இல்லை. விவசாயியின் ஆபத்து எல்லாம் நமக்கு, விவசாயியின் உரிமை ஒன்றும் நமக்கில்லை. இன்று எத்தாளைக் குத்தகைக்காரருக்கு இல்லாத குரல், நாளை நம் துண்டு நிலத்திலும் இருக்காது.

மூன்றாவது, உலக அளவில் இருவரும் ஒரே பிரகடனத்துக்குள் நிற்கிறோம். 2018 டிசம்பர் 17ஆம் திகதி ஐ.நா. பொதுச்சபை, விவசாயிகள் மற்றும் கிராமப்புறங்களில் பணிபுரியும் ஏனைய மக்களின் உரிமைகள் பற்றிய பிரகடனத்தை ஏற்றது. ஆதரவு 121 நாடுகள், எதிர்ப்பு 8, வாக்களிக்காமல் ஒதுங்கியவை 54. அதன் முதலாம் உறுப்புரையே பெருந்தோட்டங்களில் கூலிக்கு உழைப்பவரையும் சேர்த்துச் சொல்கிறது. இரண்டாம் உறுப்புரை, இம்மக்களின் உரிமைகளைப் பாதிக்கக்கூடிய சட்டமோ கொள்கையோ கொண்டுவருமுன் அவர்களுடைய சொந்தப் பிரதிநிதித்துவ அமைப்புகள் ஊடாக நல்லெண்ணத்தோடு அவர்களைக் கலந்தாலோசிக்க அரசுகளைக் கட்டளையிடுகிறது. "சொந்த" என்ற சொல்லைக் கவனியுங்கள். அமைச்சு பொறுக்கி எடுத்தவர் என்று அங்கே எழுதவில்லை.

நான்காவது, ஆசனத்தின் அருமை நமக்குத்தான் தெரியும். 1941ஆம் ஆண்டின் சம்பள சபைகள் கட்டளைச் சட்டம் சம்பள சபையில் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் சம எண்ணிக்கையில் இடம் தருகிறது. 2021இல் கம்பனிகளின் எதிர்ப்பையும் மீறி 1000 ரூபா நாட்சம்பளம் அந்தச் சபையின் வழியேதான் வர்த்தமானிக்கு வந்தது. அந்த ஆசனம் இருப்பதால் எல்லாம் கிடைத்துவிட்டதா? இல்லை. ஆனால் அதுவும் இல்லாதிருந்தால் துரைமாரின் தயவில் நின்றிருப்போம். சம்பளத்துக்குச் சட்டப்படி ஆசனம் உண்டு. சாப்பாட்டுக்கு ஏன் இல்லை?

நம் வீட்டுக் குப்பையையும் கூட்டுவோம்

எதிராளியை மட்டும் சாடிவிட்டுப் போனால் நாமும் மேடைப் பேச்சாளர்தான். கூட்டுறவுக்குள் இருக்கும் குறையையும் எத்தாளையில் பார்த்தோம். காணி உறுதி வைத்திருப்பவர்தான் பேசுகிறார். குத்தகைக்காரர் தயங்கி நிற்கிறார். கூலிக்கு வெங்காயம் நடும், களை பிடுங்கும், அறுத்துத் தாள் வெட்டும் பெண்கள் வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்து, கையில் ஒன்றுமில்லாமல் புத்தளத்தில் கூலி வேலையில் தொடங்கிய குடும்பங்களின் பெண்களும் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த மணலில் குனிந்து நிமிர்ந்தவர்களுக்குச் சங்கப் புத்தகத்தில் பெயரில்லை. அவர்களை விட்டுவிட்டு "விவசாயிகளின் குரல்" என்று சொன்னால், அதுவும் இன்னொரு பொய்ப் பிரதிநிதித்துவம். கூலிக்காரரின் நாட்கூலி பற்றியும் அதே கூட்டுறவில் பேச வேண்டும். நம் ஆதரவு இந்த நிபந்தனையோடுதான்.

கூட்டுறவு என்றாலே கட்சிக்காரர் கூடாரம், ஊழல் என்பார்கள். சில இடங்களில் உண்மைதான். அதற்கு மருந்து நியமனம் அல்ல. ஒழுங்கான தேர்தல், திறந்த கணக்கு, திருப்பி அழைக்கும் உரிமை.

தொழிற்சங்கங்களாகிய நாம் மட்டும் சுத்தமா? தோட்டத்தில் கேட்காமலே தலைநகரில் கையெழுத்தான ஒப்பந்தங்களின் வலி இன்னும் ஆறவில்லை. சந்தா வெட்டுவார்கள், தகவல் சொல்ல மாட்டார்கள் என்று நம் தாய்மார் கேட்ட கேள்வி நியாயமானது. கொழுந்து எடுப்பவரில் பெரும்பாலோர் பெண்கள், மேடையில் உட்காருபவரில் பெரும்பாலோர் ஆண்கள். எத்தாளைக்கு நாம் கேட்பதை நம் தோட்டக் கமிட்டிக்கும் கேட்கிறோம்.

முடியுமா? முடியும்

2019 நவம்பரில் பாங்கொக்கில், ஆர்.செப் எனப்படும் ஆசிய பிராந்தியப் பெரு வர்த்தக ஒப்பந்தத்தில் சேரப்போவதில்லை என்று இந்தியா அறிவித்தது. அதற்குப் பல காரணங்கள். ஆனால் நியூசிலாந்துப் பால்மா வரியின்றி வந்து இறங்கினால் சிறு பாற்பண்ணைக்காரர் அழிவார்கள் என்று கூட்டுறவுகளும் விவசாய அமைப்புகளும் எழுப்பிய குரல் அவற்றில் முக்கியமானது. குஜராத்தின் அமுல் கூட்டுறவுக்குப் பின்னால் ஏறத்தாழ 36 இலட்சம் பால் உற்பத்தியாளர்கள் நிற்கிறார்கள், ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவர்கள். ஊர்ச் சங்கம், மாவட்ட ஒன்றியம், மாநிலக் கூட்டமைப்பு என்று படிப்படியாக ஏறும் அமைப்பு அது. படிக்கட்டு இருந்தால் ஒரு மாட்டுக்காரரின் குரலும் வர்த்தக மேசை வரை ஏறும்.

நம் நாட்டிலேயே, 2025 செப்டம்பரில் கண்டியில் நியெலெனி உலக மன்றம் கூடியது. உலகின் பல பாகங்களிலிருந்தும் சிறு விவசாயிகள், மீனவர், மேய்ப்பர், ஆதிக்குடிகள், தொழிலாளர் வந்து உணவு இறைமை பற்றிப் பேசினார்கள். உலகத்தார் நம் மலைக்கு வந்து இதைப் பேசிப் போன பிறகும், எத்தாளைக்காரரும் எஸ்டேட்காரரும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசாவிட்டால் குற்றம் நம்முடையது.

நாம் கேட்பவை

1. உணவு, உரம், நீர், காணி பற்றிய மாவட்ட, மாகாண, தேசியக் குழுக்களில் சிறு விவசாயக் கூட்டுறவுகளுக்குச் சட்டப்படி ஆசனம் வேண்டும். அந்த ஆசனத்துக்குரியவரை உறுப்பினர் வாக்களித்துத் தெரிவு செய்ய வேண்டும். தவறினால் திருப்பி அழைக்கும் உரிமையும் அவர்களுக்கே.

2. அதே குழுக்களில் தோட்டத் தொழிலாளருக்குத் தனி ஆசனம். விவசாயிக்குள் நம்மைக் கரைக்கவும் வேண்டாம், கம்பனிக்குள் நம்மை ஒளிக்கவும் வேண்டாம்.

3. காணி உறுதி இல்லாத குத்தகைக்காரர், நாட்கூலிக்காரர், அவுட்குரோவர் முறையில் உழைப்பவர் எல்லோருக்கும் கூட்டுறவில் முழு உறுப்புரிமை. பிரதிநிதிகளில் பாதிப் பேர் பெண்கள்.

4. கூட்டத் தாள்கள் தமிழிலும் சிங்களத்திலும், குறைந்தது இரண்டு வாரம் முன்னதாக. கூட்டத்தில் மொழிபெயர்ப்பு. வருபவருக்கு ஒரு நாட்கூலியும் பஸ் செலவும்.

5. உரத் தடையோ இறக்குமதி வரி மாற்றமோ கொண்டுவருமுன் பிரதிநிதிகளுடன் ஆலோசனை. யார் என்ன சொன்னார் என்பது அறிக்கையில் வெளிவர வேண்டும். பயிர் தோற்றால் நெல்லுக்கு மட்டுமல்ல, எல்லாப் பயிருக்கும், கூலிக்கும் நட்டஈடு.

6. மாகாண சபைத் தேர்தலை உடனே நடத்து!

தோழர்களே, கோரிக்கை எழுதுவது சுலபம். அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் இதை வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத அம்மாமாருக்கு வாசித்துக் காட்டுங்கள். திருத்த வேண்டியதைத் திருத்துங்கள். பக்கத்து ஊர்க் கூட்டுறவுச் சங்கத்துக்கு இரண்டு பேரை அனுப்பி, "நாங்கள் இதைக் கேட்கிறோம், நீங்கள் என்ன கேட்கிறீர்கள்?" என்று விசாரியுங்கள். எத்தாளையிலிருந்து ஒரு குழுவை நம் தோட்டத்துக்கு அழைக்கப் புத்தளம் கிளை ஒப்புக்கொண்டிருக்கிறது. வேலியோரம் நின்ற பெண்களும் அந்தக் குழுவில் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம்.

நாள் முழுக்க மலையேறி உழைத்தால்தான் செக்ரோலில் நமக்கு ஒரு பெயர் விழும். கிலோ குறைந்தால் அரைப்பெயர். அவ்வளவு பாடுபட்டு வாங்கும் பெயரை, ஒரு கிலோ கொழுந்தும் எடுக்காத, ஒரு பாத்தி வெங்காயமும் நடாத ஒருவர் கூட்ட அறிக்கையில் சும்மா போட்டுக்கொண்டு போக விடலாமா? விடமாட்டோம். நம் பெயரில் பேச வேண்டியவரை நாமே தெரிவு செய்து அனுப்புவோம்.